அறிவியல் பாடத் தரநிலைகளை ஏன் புதுப்பிக்க வேண்டும்? வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

வினவி:

வணக்கம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியல் தரநிலைகளுக்கு, அதாவது எந்த வகுப்பில் மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று சொல்லும் வரிகளுக்கு, புதிய வரைவு வந்திருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாத அவகாசம். எங்கள் பெற்றோர் குழு சார்பில் ஆதரித்து எழுத வேண்டும் என்று பேச்சு. ஆனால் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. "நியூட்டன் விதி மாறிவிட்டதா, ஓம் விதி மாறிவிட்டதா, எதற்கு இப்போது புதுப்பிப்பு?" என்பது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு செயற்கை நுண்ணறிவு, மரபணுத் திருத்தம், விண்வெளி என்று ஒரு நீண்ட பட்டியலை உள்ளே நுழைக்கச் சொல்கிறது.

பழைய தரநிலைகளில் உண்மையில் எது காலாவதியாகியிருக்கிறது? "வரைவை ஆதரிக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பினால் போதுமா, அல்லது வேறு எப்படி எழுதினால் பரிசீலனைக் குழு எடுத்துக்கொள்ளும்? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுகோல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நியூட்டன் விதி மாறவில்லை, உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வரையறைகள் மாறியிருக்கின்றன.

கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை என்று இன்னும் பல பாடநூல்களில் இருக்கிறது. 2019 மே 20 முதல் அது செல்லாது. இப்போது கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் அடிப்படை எண்ணின் நிலைநிறுத்தப்பட்ட மதிப்பு வரையறுக்கிறது. அதே நாளில் ஆம்பியர் (மின்னோட்டம்), கெல்வின் (வெப்பநிலை), மோல் (பொருளின் அளவு) மூன்று அலகுகளின் வரையறைகளும் மாறின. "12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை" என்று மோலுக்கு வரையறை எழுதும் மாணவர் பழையதை எழுதுகிறார். இன்று அது 6.02214076 × 10-இன் 23-ஆம் அடுக்கு துகள்கள், அவ்வளவுதான். ஆம்பியரை வரையறுக்க, இரண்டு இணைக் கம்பிகளுக்கு இடையிலான விசையும் இனித் தேவையில்லை.

வாயுக்களின் மோலார் பருமன் (ஒரு மோல் வாயு அடைக்கும் இடம்) 22.4 லிட்டர் என்பது 1 வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது. திட்ட அழுத்தத்தை 1 பார் என்று பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1982-லேயே மாற்றிவிட்டது. அதன்படி 22.7 லிட்டர். இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்று தரநிலையே சொல்லாவிட்டால் வினாத்தாள் ஒன்றும் விடைக்குறிப்பு வேறொன்றுமாகப் போகும்.

உயிரியலில் இதைவிடப் பெரிய இடைவெளி. உயிரிகளை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரிக்கும் விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாடு 1969-ஐச் சேர்ந்தது. ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகள் பாக்டீரியாவிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட கிளை என்பதை கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் காட்டினார்கள். மூன்று பேருலக வகைப்பாடு 1990-இல் முன்மொழியப்பட்டது. ஆனாலும் ஆர்க்கியா, பாக்டீரியா இரண்டையும் "மொனிரா" என்ற ஒரே கூடையில் போடும் பாடங்கள் தொடர்கின்றன. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று காட்டும் படம் எப்போதோ தவறென்று ஆகிவிட்டது. சுவை மொட்டுகள் இருக்கும் எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணரும்.

தனிம அட்டவணையின் ஏழாவது வரிசை 2016-இல் நான்கு புதிய பெயர்களோடு நிறைவடைந்ததும், புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனதும் எல்லோரும் சொல்லும் உதாரணங்கள். உங்கள் கருத்துரையை இவற்றில் தொடங்காதீர்கள். திருத்த எளிதானவை என்பதால், இவற்றை மட்டும் திருத்திவிட்டு "புதுப்பித்துவிட்டோம்" என்று கோப்பை மூடிவிடும் அபாயம் இருக்கிறது.

கரும்பலகை:

அளவுகோல் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். தகவல் பழையதாவது சிறிய பிரச்சினை. பழைய தரநிலை மாணவரை என்ன செய்யச் சொல்கிறது என்பதில்தான் பெரிய பிரச்சினை இருக்கிறது.

"காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது எனக் கூறுவர்." இப்படி ஒரு தரநிலை இருந்தால் ஆசிரியர் அந்த எண்ணைச் சொல்வார், மாணவர் திருப்பிச் சொல்வார். கூடவே ஒரு செய்முறை வேண்டுமே என்று தண்ணீர்த் தட்டில் மெழுகுத்திரியை ஏற்றி மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பார்கள். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், "பார்த்தீர்களா, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது" என்று முடிப்பார்கள். இந்த விளக்கம் தவறு. ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காடு மிச்சமிருக்கும்போதே திரி அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உருவாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வேறு: சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி குவளையைக் கவிழ்க்கும்போதே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது. திரி எரியும்போது மெதுவாகவும் அணைந்த பிறகு சட்டென்றும் தண்ணீர் ஏறுவதைக் கவனித்தாலே இது தெரியும். ஒரே குவளைக்குள் மூன்று திரிகள் வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜனின் அளவு திரியின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறாதே!

புதிய வகைத் தரநிலை இப்படி இருக்க வேண்டும்: "இரும்பு துருப்பிடித்தலை மூடிய கொள்கலத்தில் அளந்து, காற்றில் வினைபுரிந்த பகுதியின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, மெழுகுத்திரிச் சோதனையோடு ஒப்பிட்டு, எது நம்பத்தக்கது என்பதைச் சான்றோடு விளக்குவர்."

இதைச் செய்ய 100 மி.லி. அளவு உருளை, 2 கிராம் நுண்ணிய ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு இழைகளாலான பஞ்சு), வினிகர், ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். ஸ்டீல் வுல்லின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைப் போக்க வினிகரில் ஒரு நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, இழைகளைப் பிரித்து உருளையின் அடிவரை தள்ளுங்கள். கவிழ்த்துத் தண்ணீரில் நிறுத்தி ஒன்று முதல் இரண்டு நாள் விடுங்கள். உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாக வரும்படி உருளையை உயர்த்தியோ தாழ்த்தியோ பிறகே அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் வேறாக இருந்து கணக்கு பிசகும். சுமார் 20 மி.லி. ஏறியிருக்கும்.

சொதப்பும் இடங்கள்: துருப்பிடிக்காத எஃகில் செய்த பாத்திர நாரை வைத்தால் ஒன்றும் நடக்காது. இழைகளை இறுக்கமாக உருட்டினால் உட்பகுதிக்குக் காற்று போகாது, 10 மி.லி.யிலேயே நின்றுவிடும். காலையில் வைத்து வெயிலேறிய மதியத்தில் அளந்தால் காற்று விரிந்து அளவு குறைவாகத் தெரியும், ஆகவே ஒரே வெப்பநிலையில் அளக்க வேண்டும்.

40 பேர் வகுப்பில் நால்வர் குழுவாகப் பிரித்தால் 10 உருளை, 20 கிராம் ஸ்டீல் வுல், அரை லிட்டர் வினிகர். பெரிய ஆய்வகம் தேவைப்படும் வேலையில்லை. தரநிலை கேட்டால்தான் பள்ளி இதைச் செய்யும்.

இலைத்துளை:

இரண்டு பதில்களோடும் உடன்படுகிறேன். ஆனால் "சேர்" என்ற பட்டியல் தரப்புக்கும் ஒரு பதில் வேண்டும். என் பார்வையில் புதிய தலைப்புகளைச் சேர்ப்பதைவிட, ஒரே கருத்து வகுப்புக்கு வகுப்பு எப்படி வளர்கிறது என்பதைச் சரிசெய்வது அவசரம்.

"ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று பத்தாம் வகுப்பு முடித்த யாரையாவது கேளுங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுபவர்களில் பலர் "மண்ணிலிருந்து" என்றுதான் சொல்வார்கள். ஆறில் ஒளிச்சேர்க்கை, எட்டில் மீண்டும் ஒளிச்சேர்க்கை, பத்தில் அதே ஒளிச்சேர்க்கை. ஒவ்வொரு முறையும் இரண்டு சொற்கள் கூடுகின்றன, கேள்வி மட்டும் வளரவே இல்லை.

இதையே படிப்படியாக எழுதலாம். ஆறாம் வகுப்பில், தொட்டியில் நட்ட மரக்கன்றுக்கு நீர் மட்டும் ஊற்றி வளர்த்து மரத்தையும் மண்ணையும் எடைபோட்ட வான் ஹெல்மோன்ட்டின் சோதனைத் தரவு மட்டும். 1648-இல் வெளியானது அது. ஐந்து ஆண்டுகளில் வில்லோ மரக்கன்று சுமார் 2.3 கிலோவிலிருந்து 77 கிலோவரை வளர்ந்தது, தொட்டி மண்ணில் குறைந்தது 60 கிராமுக்கும் உள்ளே. மண்தான் காரணம் என்ற எண்ணம் அங்கேயே உடையும். எடை முழுவதும் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அது ஏன் முழுமையில்லை என்று எட்டாம் வகுப்பில் கேட்கலாம், ஏனென்றால் அப்போதுதான் வாயுக்களுக்கும் நிறை உண்டு என்பது கைவசம் இருக்கும். பத்தாம் வகுப்பில் அணுக்களின் கணக்கு: உலர்ந்த தாவரத்தின் எடையில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அவை பெரும்பாலும் காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. இந்த வரிசை புரிந்த மாணவருக்குக் காடழிப்புக்கும் வளிமண்டலத்துக்கும் உள்ள தொடர்பைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை.

வரைவைப் படிக்கும்போது வகுப்புவாரியாகப் படிக்காதீர்கள். ஆற்றல், துகள்கள், பரம்பரை என ஒரு கருத்தை எடுத்து, ஆறிலிருந்து பத்துவரை அதைத் தொடும் வரிகளை மட்டும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவதும், நடுவில் படி விடுபட்டிருப்பதும் உடனே கண்ணில் படும்.

இன்னொன்று: அடிக்கடி மாறும் எண்களைத் தரநிலைக்குள் எழுதக் கூடாது. வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு 1958-இல் ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தரநிலை "நீண்டகால அளவீட்டு வரைபடத்திலிருந்து பருவ ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்துக் காட்டுவர்" என்று இருக்கட்டும். எண்கள் ஆண்டுதோறும் திருத்தக்கூடிய இணைப்பில் இருக்கட்டும்.

தராசுமுள்:

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் தேர்வு மாறாவிட்டால் இவற்றில் ஒன்றும் வகுப்பறைக்கு வராது. வினாத்தாள் வரையறையைக் கேட்டால் வகுப்பறை வரையறையைத்தான் மனப்பாடம் செய்யும், அதற்காக ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே "ஒவ்வொரு தரநிலைக்கும் ஒரு மாதிரி வினாவும் மதிப்பெண் வழிகாட்டியும் வரைவோடு வெளியிடப்பட வேண்டும்" என்பதை உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள். மாதிரி வினா எழுத முடியாத தரநிலை தெளிவில்லாத தரநிலை. "முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வர்", "ஆர்வம் கொள்வர்" போன்ற வரிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எப்படிப்பட்ட வினா என்று கேட்பார்கள். தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வினா: "தனி ஊசலின் விதிகளைக் கூறுக." புதியது இப்படி:

ஒரு குழு 20 அலைவுகளுக்கு எடுத்த நேரம்: 20 செ.மீ. நீளத்துக்கு 17.9 நொடி, 40-க்கு 25.4, 60-க்கு 31.1, 80-க்கு 34.1, 100-க்கு 40.1. எந்த அளவீடு சந்தேகத்துக்குரியது? காரணம் காட்டு. அந்தப் பிழை எப்படி நேர்ந்திருக்கக்கூடும்?

ஊசலின் நேரத்தின் வர்க்கம் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், ஆகவே நேரத்தின் வர்க்கத்தை நீளத்தால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டும். இங்கே நான்கு அளவீடுகளுக்கு 16.0 முதல் 16.1 வரை வருகிறது, 80 செ.மீ.க்கு மட்டும் 14.5. அங்கே எதிர்பார்க்கும் நேரம் சுமார் 35.9 நொடி, குறைவு 1.8 நொடி. அந்த நீளத்தில் ஓர் அலைவுக்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட 1.8 நொடிதான். அதாவது 19 அலைவுகளை எண்ணிவிட்டு 20 என்று எழுதியிருக்கிறார்கள். அளவீட்டைக் கண்டுபிடித்தால் 1 மதிப்பெண், கணக்கோ வரைபடமோ காட்டினால் 2, பிழையின் அளவை ஓர் அலைவோடு பொருத்தினால் இன்னும் 2. "நிறுத்துக் கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தியிருப்பார்கள்" என்று எழுதுபவருக்கு அந்தக் கடைசி 2-இல் ஒன்றும் கிடையாது. கையின் தாமதம் சில பத்தில் ஒரு நொடிதான், 1.8 நொடி வராது. விதியை ஒப்பிக்கத் தெரிந்தவரும் ஊசலை உண்மையில் புரிந்துகொண்டவரும் இங்கே பிரிந்துவிடுவார்கள்.

இந்த வகை வினா திருத்துவோருக்கும் புதிது. மாதிரி விடைத்தாள்களை வைத்து முன்கூட்டிப் பயிற்சி தராவிட்டால் ஒரே விடைக்கு ஒருவர் 2, இன்னொருவர் 5 போடுவார். அதையும் கோரிக்கையில் சேருங்கள்.

வினவி:

மிக்க நன்றி. எங்கள் குழுவின் இரு தரப்புக்கும் பதில் கிடைத்துவிட்டது. இனி எழுதும் முறைதான். எத்தனை பக்கம், என்ன வடிவம்? எல்லோரையும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடச் சொல்லலாமா? வரைவு மிகப் பெரிதாக இருக்கிறது, பாடவேளை போதாது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதை எதிர்ப்பாகக் கொள்ளாமல் எப்படிச் சொல்வது?

கரும்பலகை:

பாடவேளையிலிருந்தே தொடங்குகிறேன், அது எதிர்ப்பே இல்லை. கணக்காகச் சொல்லுங்கள். வாரம் 4 பாடவேளை, 30 வாரம் என்றால் 120. தேர்வுக்கும் மீள்பார்வைக்கும் 15 போனால் 105. ஒரு வகுப்புக்கு 42 தரநிலைகள் இருந்து ஒவ்வொன்றுக்கும் சராசரி 3 பாடவேளை ஆனால் 126. 21 பாடவேளை பற்றாக்குறை. இப்படி எழுதிவிட்டு, எதை எடுக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். கருவிகளின் பாகங்களைப் பட்டியலிடுவது, அடுத்த வகுப்பில் அப்படியே திரும்பும் வரையறைகள், பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யும் வரிகள் முதலில் போகலாம். நீக்கச் சொல்லாமல் குறைக்கச் சொன்னால், காலம் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது செய்முறைதான்.

ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வேண்டாம். ஒரே வாசகம் எத்தனை முறை வந்தாலும் பெரும்பாலும் ஒரே கருத்தாகத்தான் தொகுப்பார்கள். அதற்குப் பதில் உங்கள் குழுவில் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பாடப்பகுதியை எடுத்துக்கொண்டு, தலைக்கு இரண்டு மூன்று தரநிலைகளைப் பற்றி எழுதட்டும். ஒரு தரநிலைக்கு ஒரு கருத்து. அதன் குறியீட்டு எண், இப்போதைய வாசகம், என்ன குறை, மாற்று வாசகம், இரண்டு வரியில் காரணம், ஆகும் பாடவேளை. அரைப் பக்கத்தைத் தாண்டாதீர்கள். மாற்று வாசகம் தராமல் "இது தெளிவில்லை" என்று மட்டும் சொன்னால், என்ன செய்வதென்று தெரியாமல் குழு அப்படியே விட்டுவிடும்.

நன்றாக இருக்கும் தரநிலைகளைப் பற்றியும் எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான். பரிணாமம், காலநிலை மாற்றம், இனப்பெருக்க நலம் போன்ற பகுதிகளுக்கு எதிர்ப்புக் கருத்துகள் தவறாமல் வரும். அவற்றுக்கு எதிரே "இந்த எண்ணுள்ள தரநிலையை மாற்றாமல் வைத்திருங்கள், காரணம் இது" என்ற ஆதரவுக் குரல் பதிவில் இல்லையென்றால், அடுத்த வரைவில் அது சத்தமில்லாமல் காணாமல் போகும்.

அளவுகோல்:

ஒரு சுற்றோடு முடியும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2013 ஏப்ரலில் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகளை 26 மாநிலங்கள் முன்னின்று உருவாக்கின, அதற்கு முன் இரண்டு பொது வரைவுகள் வந்தன. இரண்டாவது வரைவு வரும்போது உங்கள் முதல் கருத்துகளின் நகலை வைத்து, எண் வாரியாக எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிடுங்கள். மாறாததற்கு விளக்கம் கேட்டு மறுபடி எழுதுங்கள்.

தரநிலை ஏற்கப்பட்ட பிறகு கவனிக்க வேண்டியது பயிற்சிக்கும் பொருட்களுக்குமான நிதி ஒதுக்கீடு. ஒருநாள் சொற்பொழிவைப் பயிற்சி என்று கணக்குக் காட்டுவது வழக்கமாக நடக்கும். ஸ்டீல் வுல் சோதனையை ஆசிரியரே முதலில் மாணவர் இடத்தில் இருந்து செய்து, பிழையான அளவு வந்தால் ஏனென்று தேடி, பிறகு வகுப்பில் நடத்தி, மாணவர் எழுதியதை எடுத்துக்கொண்டு சில வாரம் கழித்துச் சக ஆசிரியர்களோடு மறுபடி உட்கார வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு அமர்வுகள் என்று வரைவின் நடைமுறைப் பகுதியிலேயே எழுதும்படி கேளுங்கள்.

செய்முறைப் பொருட்களில் தீர்ந்துபோகும் பொருட்களுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். அளவு உருளை பல ஆண்டு வரும். வினிகரும் ஸ்டீல் வுல்லும் அந்த ஆண்டோடு தீர்ந்துவிடும். ஒருமுறை மட்டும் வாங்கிக் கொடுத்த ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு செய்முறை நின்றுபோவது இதனால்தான்.

தராசுமுள்:

ஒரு சின்ன விவரம். கருத்து அனுப்பும் படிவத்தில் சொல் வரம்பு இருந்தால் மாற்று வாசகத்தை முதலில் ஒட்டுங்கள், காரணத்தைப் பிறகு. வரம்பில் வெட்டுப்பட்டாலும் குழுவுக்குத் தேவையான வரி போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பியதற்கான பதிவு எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள், அடுத்த சுற்றில் அதைக் காட்டித்தான் விளக்கம் கேட்க முடியும்.